காடே இல்லாத ஊர்ல இருந்துட்டு இயற்கையப் பத்தி எழுதலாமுங்களா?

காங்கேயத்துக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. இயற்கையப் பத்தி தமிழ்ல எழுதோணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா படிக்கறதெல்லாம் டாப்சிலிப்பு, வால்பாறை, முதுமலைன்னே இருக்குது, யானையோ புலியோ இருவாச்சிப் பறவையோ வராத கட்டுரையே கண்ணுல படறதில்ல. எங்கூர்ல இருக்கறது கொறங்காடுன்னு சொல்ற மேய்ச்சக் காடும், ரெண்டு பக்கமும் வேலி இருக்கற இட்டேரித் தடமுந்தானுங்க. மழ கம்மி, சரளையும் செம்மண்ணுமா கெடக்கற பூமி, சுத்தியும் கிளுவ வேலி, உள்ள கொழுக்கட்டப் புல்லு, அங்கொண்ணு இங்கொண்ணா வெள்வேல மரம், மாடும் செம்மறியும் மேஞ்சுட்டு இருக்கும். இதெல்லாம் மனுசன் வேலி போட்டு வெச்ச எடம். இதைய எழுதுனா இயற்கை எழுத்துன்னு ஒத்துக்குவாங்களா, இல்ல லீவு போட்டு மலைக்குப் போயித்தான் எழுதோணுமா?

அமராவதிக்கரை:
ஏனுங்க, மலைக்கெல்லாம் போக வேண்டியதில்ல, அங்க எழுதறதுக்கு நெறய ஆளு இருக்கறாங்க, கொறங்காட்டுக்குத்தான் ஆளில்ல. கிளுவையவே எடுத்துக்கங்க, போத்து வெட்டி நட்டா போதும் வேர் புடிச்சுக்கும், வெயில் காலத்துல எலையெல்லாம் உதுந்து பட்டுப்போன குச்சியாட்ட நிக்கும், ஒரு மழ பேஞ்சுதுன்னா முழுசும் தளுத்துக்கும். அந்த வேலிக்குள்ள பெரண்ட, கோவக்கொடி, ஓணான், கீரி, கவுதாரின்னு ஒரு ஒலகமே இருக்குது. புல்லு காஞ்சு கெடக்கறப்ப வெள்வேலங்காய்தான் ஆட்டுக்குத் தீனி. ஒரே காட்டுல அடிச்சு மேய்க்காம மாத்தி மாத்தி ஓட்டறதாலதான் புல்லு இன்னும் நிக்குது. மனுசன் கை பட்டாலே இயற்கை இல்லைன்னு யாருங்க சொன்னது? சங்கப் பாட்டுல முல்லைன்னாலே காடும் மேய்ச்சலும் சேந்ததுதான. இயற்கையப் பத்தி எழுதுன மா. கிருஷ்ணன் 1950லிருந்து 1996ல சாகற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில எழுதுனாரு, அதுல காக்காயும் கீரியும் ஊட்டு ஆடும் எவ்வளவு வந்துச்சுன்னு தேடிப் பாருங்க. தமிழ்ல இயற்கையப் பத்தி எழுதற தியடோர் பாஸ்கரனே நம்ம தாராபுரத்துல பொறந்தவருங்க.

தாளவாடி:
காட்டு ஓரத்துல இருக்கறவன் ஒண்ணு சொல்றனுங்க. எங்க பக்கம் சத்தியமங்கலம் காடு 2013ல புலிகள் காப்பகம் ஆச்சு, அதுக்குள்ள போற திம்பம் ரோட்டுல 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரி வண்டி விடறதில்ல, மிருகங்க அடிபடறது கொறையோணும்னா அது வேண்டியதுதான். ஆனா இங்க வந்து எழுதறவங்க கட்டுரையில நாங்க இருக்கறதே இல்ல. யான நெலா வெளிச்சத்துல நின்னுதுன்னு எழுதுவாங்க, அதே யானைக்கு மக்காச்சோளத்தக் காக்க பரண்ல விடிய விடிய டார்ச்சோட உக்காந்திருக்கற ஆள எழுத மாட்டாங்க. அந்த ஆளுக்கு யான மேல கோவம் இருக்கும், குட்டியோட வந்தா சத்தம் போடாம விட்டுருவாரு, ரெண்டும் ஒரே ஆளுதானுங்க. நீங்க எழுதறப்ப மாடு மேய்க்கறவரையும் சேத்து எழுதுங்க, அவர உட்டுட்டா கொறங்காட்டுல பாதிதான் இருக்கும்.

பல்லடத்துக்காரி:
சீக்கிரமா எழுதுங்க அண்ணா, அதத்தான் சொல்லுவேன். எங்க ஊர்ல இட்டேரி முக்காவாசி போச்சு, ரெண்டு பக்க வேலியையும் ஜேசிபி வெச்சு வழிச்சுட்டு தார் போட்டுட்டாங்க, கார் போகுது, வேற என்ன போகுதுன்னு கேட்டா ஒண்ணும் இல்ல. கொறங்காட்ட வித்து சைட்டு போடறாங்க, இல்லைன்னா சோலார் தகடு வெக்கறாங்க. வேலி போனதும் கவுதாரி சத்தம் நின்னுபோச்சு. நல்ல நடையெல்லாம் அப்பறம் வரட்டும், என்னைக்கு, எந்த எடத்துல, என்ன பாத்தீங்கன்னு எழுதி வெய்யுங்க. ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில கல்லோட கல்லா முட்ட போட்டிருக்கும், அது எந்த மாசம்னு நாலு வருசம் தொடர்ந்து எழுதுனீங்கன்னா அதுவே பெரிய விசயம்.

காங்கேயத்துக்காரன்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எங்க தோட்டத்து இட்டேரியையும் அளந்துட்டுப் போயிருக்காங்க. எங்க ஆத்தாளுக்கு வேலியில இருக்கற செடி கொடி அத்தன பேரும் தெரியும், எது மாட்டு வயித்து உப்புசத்துக்கு, எது புண்ணுக்குன்னு சொல்லுவாங்க. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போயி ஒரு கோடியில இருந்து எழுத ஆரம்பிக்கறன்.

அமராவதிக்கரை:
ஆத்தா சொல்றத போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கங்க, ஊருக்கு ஊர் பேரு மாறும். எல, பூ, காய் மூணையும் தனித்தனியா போட்டோ எடுங்க, எல மட்டும் இருந்தா பின்னால என்ன செடின்னு கண்டுபுடிக்கறது செரமமுங்க.