ஆர்.டி.ஐ. 8(1)(ஜே) பற்றிய புது ஆய்வுகளை எப்படிப் பின்தொடர்வது? அலர்ட்டில் வருவதெல்லாம் குப்பை

வைகைக்கரையான் (கேள்வி):

வணக்கம். நுகர்வோர் அமைப்பு ஒன்றில் தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) மனுக்களைக் கவனிக்கிறேன். தனிப்பட்ட தகவலைத் தராமல் இருக்க விலக்கு தருவது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு. அதைத் திருத்திய, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு 2025 நவம்பரில் அமலுக்கு வந்ததிலிருந்து ஒப்பந்ததாரர் விவரம் கேட்டாலும் சரி, மானியப் பயனாளிகள் பட்டியல் கேட்டாலும் சரி, "தனிப்பட்ட தகவல், வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. மேல்முறையீட்டில் வாதாட, இதைப் பற்றிச் சட்ட ஆய்வாளர்கள் புதிதாக என்ன எழுதுகிறார்கள் என்று உடனுக்குடன் தெரிய வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் 'ஆர்.டி.ஐ. இந்தியா', 'பிரைவசி இந்தியா' என்று ஆங்கிலத்தில் இரண்டு அலர்ட் (புதுக் கட்டுரை வந்தால் அஞ்சல் அனுப்பும் வசதி) போட்டு வைத்திருக்கிறேன். முதலாவதில் சளி, இருமல் பற்றிய மருத்துவக் கட்டுரைகளாக வந்து கொட்டுகின்றன. இரண்டாவதில் கணினிக்காரர்களின் குறியாக்கக் கணக்கு. தப்பித்தவறி உருப்படியாக ஏதாவது வந்தாலும், தரவுச் சட்டம் அமைக்கும் அமைப்பை ஒன்று 'தரவுப் பாதுகாப்பு ஆணையம்' என்கிறது, இன்னொன்று 'வாரியம்' என்கிறது. எதை நம்புவது?

மரபெஞ்சு:

சளி, இருமலுக்குக் காரணம் எளிது. சுவாசப்பாதைத் தொற்றுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஆர்.டி.ஐ.தான். மருத்துவக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சட்டக் கட்டுரை எம்மாத்திரம்? '8(1)(ஜே)' என்று போட்டும் பயனில்லை; அடைப்புக்குறிகளைத் தேடுபொறி கண்டுகொள்ளாது.

நான் செய்வது வேறு. தலைப்பைத் தேடாமல் வழக்கின் பெயரைத் தேடுவேன். 8(1)(ஜே) பற்றி ஒருவர் பொறுப்பாக எழுத உட்கார்ந்தால், 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கைத் தொடாமல் நகர முடியாது. அரசு ஊழியரின் பணிப்பதிவும் சொத்து விவரமும் தனிப்பட்ட தகவல் என்று சொன்ன தீர்ப்பு அது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு அலர்ட் வையுங்கள். எந்த மருத்துவரும் அதை மேற்கோள் காட்டப் போவதில்லை.

அப்புறம், உங்களுக்குப் பிடித்த கட்டுரை ஒன்று கிடைத்தால் அதன் அடியில் உள்ள 'மேற்கோள் காட்டியவை' இணைப்பைத் திறந்து, அங்கேயே இன்னொரு அலர்ட் போடலாம். பின்னாளில் யார் அதை ஆதரித்தாலும் மறுத்தாலும் உங்களுக்கு அஞ்சல் வந்துவிடும். மறுத்து எழுதியதுதான் மேல்முறையீட்டில் அதிகம் உதவும். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று முன்கூட்டியே தெரியும்.

வைகைக்கரையான்:

நன்றி சார். அப்படியானால் புட்டசாமி தீர்ப்பின் பெயரிலும் ஒன்று போட்டுவிடலாமா? அந்தரங்க உரிமைக்கு அதுதானே அடிப்படை?

மரபெஞ்சு:

வேண்டவே வேண்டாம். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு. ஆதார், முக அடையாளம், தன்பாலின உறவு என்று எதைப் பற்றி எழுதினாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். பழையபடி வெள்ளம்தான். வழக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது.

கறுப்புக்கோட்டு:

தம்பி, ஆணையமா வாரியமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இரண்டு கட்டுரையும் அதனதன் காலத்தில் சரிதான். தரவுப் பாதுகாப்புச் சட்டம் பலமுறை உருமாறியது. 2018-இல் ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவு, 2019-இல் மசோதா, 2022 ஆகஸ்டில் அது வாபஸ், அதே ஆண்டு நவம்பரில் புது வரைவு, 2023 ஆகஸ்டில் சட்டம். 'ஆணையம்' என்றோ 'உணர்திறன் மிக்க தரவு' என்று தனி வகை பிரித்தோ எழுதியிருந்தால் அது 2018 அல்லது 2019 வடிவத்தைப் பற்றியது. 'கருதப்பட்ட ஒப்புதல்' என்று வந்தால் 2022 வரைவு. 'வாரியம்', 'சில நியாயமான பயன்பாடுகள்' என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் இப்போதுள்ள சட்டம்.

உங்கள் பிரிவுக்கு இது உயிர்நாடி. 2018 வரைவும் 8(1)(ஜே)-யைத் திருத்தச் சொன்னது. ஆனால் தகவலை வெளியிடுவதால் வரும் தீங்கையும் பொதுநலனையும் எடைபோடச் சொன்னது. 2023 சட்டமோ பழைய பிரிவில் இருந்த நிபந்தனைகளையெல்லாம் வெட்டிவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போய்விட்டது. 2018 வரைவைப் பாராட்டிய கட்டுரையை இன்றைய மனுவில் இணைத்தால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம்தான்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியேதான் இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் விலக்கையும் மீறித் தகவல் தரலாம். மானியப் பயனாளிகள் விவரத்தை, யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றில் ஒன்றாக அதே சட்டத்தின் 4(1)(பி) சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசும் ஆய்வுகளை முதலில் தேடுங்கள்.

இரவுப்பறவை:

எதுக்கு இவ்வளவு சிரமம்? ஏதாவது ஏ.ஐ.யிடம் "புதுக் கட்டுரைகளைச் சுருக்கித் தா" என்று கேட்டால் முடிந்தது.

கறுப்புக்கோட்டு:

2023-இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் அப்படித்தான் கேட்டார்கள். இல்லாத தீர்ப்புகளை அது எடுத்துக்கொடுக்க, நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. கையில் இருக்கும் கட்டுரையைச் சுருக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. தேடித் தரச் சொன்னால் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

நூலகவாசி:

ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பதிவேற்றும் எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் எடுக்கும் கட்டுரைகளில் எழுதிய தேதி, பதிவேற்றிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதி என்று தனித்தனியாக இருக்கும். எழுதிய தேதியைப் பாருங்கள். நேற்று பதிவேறியது என்பதற்காக நேற்று எழுதியது என்று ஆகிவிடாது. முதல் பக்க அடிக்குறிப்பில், நட்சத்திரக் குறி போட்ட இடத்தில், பெரும்பாலும் நிதி யார் தந்தது என்று இருக்கும். அதையும் விடாதீர்கள். அலர்ட் அஞ்சல்களைத் தனி லேபிளுக்கு அனுப்பிவிட்டு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். சட்ட ஆய்வு என்ன, தினசரிச் செய்தியா?

வைகைக்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. சளி, இருமல் நின்றுவிட்டது. ஆனால் தேஷ்பாண்டே அலர்ட்டில் இதுவரை ஒன்றுமே வரவில்லை. மேற்கோள் குறியெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

மரபெஞ்சு:

நடுப்பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? 'ராம்சந்திர', 'ராமச்சந்திர' என்று ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். இரட்டை மேற்கோளுக்குள் ஓர் எழுத்து மாறினாலும் அகப்படாது. இரண்டு வடிவத்தையும் தனித்தனி மேற்கோளில் போட்டு, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் OR என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் வையுங்கள். முதலில் சும்மா தேடிப் பாருங்கள். பழைய கட்டுரைகள் வரிசையாக வந்தால் அந்தத் தேடலையே அலர்ட்டாக மாற்றிவிடலாம்.

வைகைக்கரையான்:

வந்துவிட்டது சார். முதல் பக்கத்திலேயே 4(1)(பி)-யையும் 8(2)-ஐயும் சேர்த்துப் பேசும் ஒன்று இருக்கிறது. 'வாரியம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு வருகிறேன்.