‘கம்ப்யூட்டர்’ பணியிலிருந்த பெண்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணிமை வரலாறு குறித்த கட்டுரை ஒன்றை எழுதுகையில் ஒரே சொல்லில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். 1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் புவியைச் சுற்றிவரப் புறப்படும் முன்பு, ஐபிஎம் இயந்திரம் தந்த பாதை எண்களைக் கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சன் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும் எனக் கிளென் கேட்டுக்கொண்டார். ஜான்சன் 1953இல் அமெரிக்காவின் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தது ‘கம்ப்யூட்டர்’ என்னும் பணியில். அவர் சரிபார்த்த இயந்திரத்திற்கும் அதே பெயர்தான். இதை நம் வழக்குச் சொல்லால் எழுதினால், கணினி தந்த எண்களைக் கணினி சரிபார்த்தது என்று வந்து நிற்கிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் 300 ஆண்டுகளுக்கும் மேலாக ஆளைத்தான் குறித்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பொறிக்கு இடம் மாறியது. நாமோ பொறி வந்த பிறகு சொல் தேடியவர்கள் ஆதலால், கணிப்பொறி, கணினி என எதை ஆக்கினாலும் அது பிறவியிலேயே பொறியின் பெயராக அமைந்துவிட்டது. அதற்கு முன்னிருந்தவர்கள் பெயரற்றுப் போனார்கள். ஹாலி வால்வெள்ளி திரும்பும் காலத்தைக் பிரெஞ்சு அறிஞர்கள் கிளேரோ, லாலாந்து ஆகியோருடன் சேர்ந்து மாதக்கணக்கில் கணக்கிட்ட நிக்கோல்-ரேன் லெபோத்தையும் (1759 ஏப்ரல் நடுவில் என்றார்கள், வால்வெள்ளி மார்ச் 13 அன்றே சூரியனை நெருங்கிவிட்டது), ஹார்வர்டு வானாய்வகத்தில் ஒளிப்படத் தகடுகளை அளந்து அளந்தே ஒளி கூடிக் குறையும் துடிப்பு விண்மீன்களின் ஒளிர்வுக்கும் துடிப்புக் காலத்திற்கும் உள்ள தொடர்பை 1912இல் நிறுவிய ஹென்ரியெட்டா லெவிட்டையும் ‘உதவியாளர்’ என்று எழுதிக் கடந்துவிடுகிறோம்.

அமெரிக்கப் படைக்கென உருவான தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்கிற்கு வந்தால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. பீரங்கிக் குண்டின் எறிபாதை ஒன்றை மேசைக் கணக்குப்பொறியின் துணையோடு ஒருவர் போட்டு முடிக்க 30 முதல் 40 மணி நேரம் பிடித்தது. அந்தப் பணிக்கென எடுக்கப்பட்ட பெண்களிலிருந்தே 1945இல் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் ஆகிய அறுவர் புதிய இயந்திரத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கையேடு எதுவும் கிடையாது. சுற்றமைப்பு வரைபடங்களைப் படித்தே, எந்த வடத்தை எங்கே செருகுவது, எந்த ஆளியை எந்த எண்ணில் நிறுத்துவது என்று கண்டறிந்தார்கள். முதல் நிரலர்கள் என்று இவர்களைச் சொல்ல நமக்குச் சொல் இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் வரை என்னவாக இருந்தார்கள் என்று சொல்லத்தான் இல்லை.

என் முன்மொழிவு ‘கணக்கீட்டாளர்’. கணக்கர், கணக்காளர் இரண்டும் எப்போதோ பேரேட்டிற்குப் போய்விட்டன. ‘கணிப்பாளர்’ என்றால் தேர்தல் முடிவையோ மழையையோ முன்கூட்டிச் சொல்பவர் என்றே இன்று படும். ‘மனிதக் கணினி’ சகுந்தலா தேவிக்கான பாராட்டாக நிலைத்துவிட்டது. அன்றாடச் சம்பள வேலைக்குப் பொருந்தாது. ‘கணியன்’ சோதிடத்தைச் சார்ந்தது, ஆண்பால் ஈறும் கொண்டது. அதற்குப் பெண்பால் தேடப் போனால் ‘கணிகை’யின் வாசலில் போய் நிற்போம். அது வடமொழிவழி வந்த வேறு சொல் என்று விளக்கலாம்தான், ஆனால் காது விளக்கம் கேட்பதில்லை.

*

ஐயா, வணக்கம்.

தேவையை முழுதும் ஏற்கிறேன். சொல்லை ஏற்கத்தான் தயக்கமாக இருக்கிறது. ‘கணக்கீட்டாளர்’ பொருளில் துல்லியமானது என்றாலும் கணினியோடு உள்ள உறவை அறுத்துவிடுகிறது. ஆளின் பெயரைப் பொறி எடுத்துக்கொண்டது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை ஆகையால், ‘கணி’ என்னும் வேரைவிட்டு நாம் நகரக் கூடாது. ஓட்டுநர், இயக்குநர் போலக் ‘கணிநர்’ என்று முதலில் நினைத்தேன். இகரத்தை அடுத்து அந்த நகரம் ஞகரமாகும் என்பதை ‘அறிஞர்’ காட்டுவதால், ‘கணிஞர்’ என்பதே நாவிற்கு இயல்பாக வருகிறது. ஆண், பெண் இருபாலுக்கும் அது பொது.

*

அம்மா, வணக்கம்.

தங்கள் சொல்லை வைத்து என் கட்டுரையைத் திருத்திப் பார்த்தேன். முதலில் ஈறு உறுத்தியது: அறிஞர், கலைஞர் என்னும் வரிசையில் சேரும்போது ஓர் உயர்வு ஒட்டிக்கொள்கிறது; எனியாக் பெண்களோ கணிதம் படித்திருந்தும் அரசுப் பதிவேட்டில் தொழில்முறையாளருக்குக் கீழான தரத்தில் வைக்கப்பட்டவர்கள். சொல்லின் பளபளப்பு அந்தக் குறையை மூடிவிடுமோ என்று அஞ்சினேன். பழந்தமிழில் ‘வினைஞர்’ உழைப்பாளரைக் குறித்ததை எண்ணிப் பார்த்தபின், இந்த ஈறு தகுதிச் சான்றிதழ் அன்று என்று தெளிந்தேன்.

மற்றொன்று நடைமுறைத் தொல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் ‘கணிஞர்’ என்பதைக் கண்டதும் ‘கவிஞர்’ ஆக்கிவிடுவார். கணிமை முன்னோடி ஏடா லவ்லேஸ் பற்றிய பத்தியில் அது நேர்ந்தால், அவர் ஆங்கிலக் கவிஞர் பைரனின் மகள் என்பதால் எவரும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். ஆகவே முதல் இடத்தில் மட்டும் ‘கணிஞர் என்னும் கணக்கீட்டுப் பணியாளர்’ என்று எழுதி, பிறகு கணிஞர் என்றே தொடரலாம் என்று நினைக்கிறேன். கணினி தந்த எண்களைக் கணிஞர் கேத்தரின் ஜான்சன் சரிபார்த்தார். தொடர்ச் சொல்லாகவும் சோதித்தேன்: 1949இல் லாங்லியின் மேற்குப் பகுதிக் கணிஞர் பிரிவிற்கு டாரத்தி வாகன் தலைமையேற்றார். உறுத்தவில்லை.