பித்தநாளக் கல்: இரண்டு முறை இ.ஆர்.சி.பி. செய்தும் வரவில்லை

அம்மாவுக்கு வயது 64. பித்தப்பையை 3 வருடம் முன்பே எடுத்தாகிவிட்டது. இப்போது பொதுப் பித்தநாளத்தில் (குடலுக்குப் பித்தம் போகும் குழாய்) 18 மி.மீ. கல் சிக்கியிருக்கிறது.

ஏழு வாரம் முன்பு குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் கண்கள். அரிப்பில் சொறிந்து சொறிந்து கையெல்லாம் நகக்கீறல். பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில்தான் கல் தெரிந்தது.

முதல் இ.ஆர்.சி.பி.யில் (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு பித்தநாளத்துக்குச் செய்யும் சிகிச்சை) நாள வாயை வெட்டி அகலப்படுத்தினார்கள். கல்லைப் பிடித்து இழுக்கும் கம்பிக் கூடைக்குள் அது அடங்கவில்லை. அடுத்த முறை பலூனால் விரித்தும் வரவில்லை. அப்புறம் கணைய அழற்சி வந்து 5 நாள் துடித்தார். அதுதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தியது.

இப்போது நாளத்தில் பித்தம் வடிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சிறு குழாய்) இருக்கிறது, மஞ்சள் குறைந்துவிட்டது. ஆனால் 3 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். விட்டால் அடைத்துக்கொண்டு மறுபடி காய்ச்சல் வரும் என்கிறார்கள்.

டாக்டர் இரண்டு வழி சொல்கிறார்: கொலாஞ்சியோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை நாளத்துக்குள் விட்டு லேசரால் கல்லை உடைப்பது, அல்லது லேப்ராஸ்கோப்பியில் நாளத்தைத் திறந்து எடுப்பது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார்.

இதே நிலையில் லேசர் செய்துகொண்டவர்களுக்குக் கல் முழுவதும் வெளியே வந்ததா, இல்லை கடைசியில் அறுவைக்குத்தான் போக வேண்டியிருந்ததா?