சம்பளப் பிடித்தத்தைக் கைவிட்டபோது

எங்கள் செவிலியர் சங்கக் கிளைக்கு நான் பொருளாளரான ஆண்டில்தான், சந்தாவைச் சம்பளத்தில் பிடித்து நிர்வாகமே சங்கத்துக்கு அனுப்பிவந்த வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவரும் தம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் முறைக்கு மாறினோம். ஊதியப் பேச்சுவார்த்தை முற்றியிருந்த ஒரு மாதத்தில், பிடித்த தொகையை அனுப்பத் தாமதமாகும் என்று கணக்குப் பிரிவிலிருந்து வந்த கடிதமே அதற்குத் தூண்டுதல். காரணம் கணினிக் கோளாறு என்றார்கள், இருக்கலாம். ஆனால் நம் வருமானமும் உறுப்பினர் பட்டியலும் எதிர்த்தரப்பின் மேசையில் கிடக்கின்றன என்பது அன்றுதான் செயற்குழுவுக்கு உறைத்தது.

மூத்த உறுப்பினர் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் மூலம் பொதுத்துறையில் இந்தப் பிடித்தத்தை அடியோடு நிறுத்த அரசு முதலில் முனைந்ததையும், எதிர்ப்புக்குப் பின் அது சில நிபந்தனைகளோடு தப்பியதையும் சொல்லி, "பிறர் போராடிக் காத்ததை நாமே விட்டுக்கொடுப்பதா?" என்று கேட்டார். அதற்குச் சரியான விடை எங்களிடம் இல்லை.

மூன்று வாரங்கள், இரவுப் பணி முடிந்து பகல் பணியாளர்கள் பொறுப்பேற்கும் அந்தச் சிறு இடைவெளியில், படிவங்களோடு வார்டு வார்டாக நடந்தோம். பல ஆண்டுகளாகச் சந்தா செலுத்திவந்த ஒரு சிஸ்டர், "நான் சங்கத்தில்தான் இருக்கிறேனா?" என்று வியந்தார். இன்னொருவர் படிவத்தை வாங்கிப் பையில் வைத்தவர் வைத்தவர்தான். சில மாதங்களுக்குப் பின் மருந்தளவுப் பிழை தொடர்பான விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது சங்கத்தின் துணையை அவர் கேட்டார். ஏட்டில் அவர் பெயர் இல்லை. நிலுவையைப் பெற்றுக்கொண்டு நான் உடன் சென்றேன். விதிப்படி அது தவறு என்று செயற்குழுவில் என்னைக் கண்டித்தார்கள். மீண்டும் நேர்ந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

சந்தா எடுக்கும் தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு முன்பாக வைத்தது என் சொந்தப் பிழை. முதல் மாதமே பலரின் கணக்கில் போதிய இருப்பின்றிப் பற்று திரும்பியது. வங்கி விதித்த அபராதத்துக்கான ஏச்சு முழுவதும் எனக்கே வந்தது.

*

பொருளாளர் எழுதியதோடு என் பக்கத்தையும் சேர்க்கிறேன். நான் ஒப்பந்தச் செவிலியர். என் ஊதியம் முகவர் நிறுவனத்தின் வழியாக வருவதால், மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் என் பெயரே கிடையாது. பழைய முறையில், சேர விரும்பிய எங்களிடம் "எதிலிருந்து பிடிப்பது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வங்கி வழி வந்த பிறகுதான் எனக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது.

*

இதே கிளையின் இன்னோர் உறுப்பினரான எனக்கு நேர்ந்தது வேறு. ஊதியமில்லா விடுப்பில் குழந்தையோடு இருந்த மாதங்களில், பழைய முறையில் சம்பளம் நின்றதும் சந்தாவும் தானே நின்றிருக்கும். புதிய முறையிலோ அது மாதந்தோறும் போய்க்கொண்டே இருந்தது. விடுப்பிலுள்ளோருக்குக் குறைந்த சந்தா என்ற விதி எங்கள் கிளையில் இருப்பதை, பணிக்குத் திரும்பிய பிறகே அறிந்தேன். கூடுதலாகப் போனதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.