பதில்: ‘கிரதீர்ன்யா’வுக்கு எந்தச் சொல்?

> ரஷ்ய மொழியில் அனல்மின் நிலையக் கோபுரத்துக்கும் கிரதீர்ன்யா என்றுதான் பெயர். எல்லா இடத்திலும் ‘குளிர்விப்புக் கோபுரம்’ என்றே போட்டுவிடலாமே?

வணக்கம் ஐயா,

மின்நிலையத்துக்கு அது சரி. நாம் தமிழாக்குவதோ ரஷ்ய ஊரான ஸ்தாரயா ரூஸ்ஸாவின் உப்புத் தொழில் வரலாறு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே நின்ற கிரதீர்ன்யா எதையும் குளிர்விக்கக் கட்டியதல்ல.

இல்மென் ஏரிக்குத் தெற்கே, போலிஸ்த் ஆற்றங்கரை ஊர் அது. கடல் கிடையாது, உவர்நீர் நிலத்தடியிலிருந்து வருகிறது. அதில் உப்பு கடல்நீரைவிடக் குறைவு. அந்தக் குளிரில் பாத்தி கட்டி வெயிலை நம்ப முடியாது, விறகெரித்துக் காய்ச்சத்தான் வேண்டும். நீர்த்த உவர்நீரை அப்படியே காய்ச்சினால் விறகு கட்டுப்படியாகாது. அதற்குத்தான் கிரதீர்ன்யா. உயரமான மரச்சட்டத்துக்குள் சுள்ளிக்கட்டுகளை நெருக்கி அடுக்கி, மேலேயிருந்து உவர்நீரைச் சொட்டவிடுவார்கள். அது சுள்ளி சுள்ளியாகப் பரவி இறங்குவதற்குள் காற்று பாதி வேலையை முடித்துவிடும். ஜிப்சமும் சுண்ணாம்பும் சுள்ளியிலேயே கல்லாகப் படியும். கீழே சேர்வதை மறுபடி மேலேற்றி, போதிய அளவு கெட்டியான பிறகுதான் காய்ச்சுவார்கள். கல் ஏறிப்போன சுள்ளிகளைக் கழற்றிப் புதிது அடைக்க வேண்டும்.

‘உப்புச் செறிவூட்டுக் கோபுரம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி வாங்குகிறவர்களுக்கு அது வேறு பொருள் தரும். கோபுரம் என்பதும் பொருந்தவில்லை. போலந்தின் செகோச்சினெக்கில் இன்றும் நிற்கும் மூன்றையும் சேர்த்தால் 1.7 கி.மீ.க்கு மேல் நீளம். அது சுவர்.

முள்ளும் விளாரும் வைத்துக் கட்டிய தடுப்பை நாம் படல் என்கிறோம். எனவே என் பரிந்துரை: உவர்ப்படல்.

இன்னொன்று. உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் இடமான ‘வர்னீத்ஸா’வை வரைவில் உப்பளம் என்று போட்டிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். அளம் என்றால் பாத்தியும் வெயிலும்தான் நம் கண்ணில் வரும். 1781இல் அந்த ஊருக்குத் தந்த சின்னத்திலேயே, எரியும் செங்கல் அடுப்பின் மேல் உப்புக் காய்ச்சும் இரும்புச் சட்டி இருக்கிறது. ‘உப்புலை’ என்று சொன்னால் அந்தச் சின்னமே முன்னால் நிற்கும்.

---

> எனவே என் பரிந்துரை: உவர்ப்படல்.

அன்புள்ள ஐயா,

உப்புலை அருமை, உடனே சேர்த்துவிடலாம். உவர்ப்படல் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வேகமாகப் படிப்பவர் அதை ‘உவர்ப்படலம்’ என்று வாசிப்பார். மருத்துவப் பகுதியில் படலம் ஏராளமாக வருகிறது. வேற்றுமை உருபு ஏறினால் படலை, படலத்தை என்று பிரிந்துவிடும் என்றாலும், தலைப்பில் உருபு இராது.

‘உவர்வடிபடல்’ என்று வைத்தால் என்ன? வடிபடல் வினைத்தொகை, ஆகவே இடையில் ஒற்று மிகாது. சொட்டி இறங்குவதும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. ஐரோப்பிய நலவிடுதிகளில் மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் உப்புச் சாரலுக்காக இதன் ஓரமாக நடப்பார்கள். அங்கேயும் இதே சொல் நிற்கும்.

வரைவின் அதே மருத்துவப் பகுதியில், 1828இல் தொடங்கிய சிகிச்சைத் தலத்தை ‘வெந்நீரூற்று விடுதி’ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்தாரயா ரூஸ்ஸாவின் நீர் குளிர்ந்த நீர். 1859 முதல் பூங்காவில் தானாகப் பீறிடும் முரவியோவ் ஊற்றும் அப்படித்தான். குளிப்பதற்கு அந்த நீரைச் சூடாக்கித்தான் தருகிறார்கள். ‘கனிமநீர்ச் சிகிச்சைத் தலம்’ என்று திருத்துவோம்.

---

ஐயா, உவர்வடிபடல் எனக்கு முழுச் சம்மதம். மின்நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் அப்படியே இருக்கட்டும்; அகராதியில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக இடுகிறேன். படிந்த கல்லுக்கு ‘சுள்ளிக்கல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.