பாம்பன் வீட்டு குரூப்பில் வந்த செவப்பு மீன்

சேசு மாமா: (போட்டோ) காலைல மீன் புடிக்கப் போட்ட கூடு எடுத்தப்ப ரெண்டு கெடந்துச்சு. உசுரோட இருக்கு, தொட்டில கடத்தண்ணி ஊத்திப் போட்டு வச்சிருக்கேன்

கிளாரா சித்தி: அண்ணே கண்ணு எவ்ளோ பெருசு!! டோனி பாத்துட்டு அவன் மீன் தொட்டிக்கு வேணும்னு ஒரே அழுகை. ஞாயித்துக்கெழம வரும்போது மதுரைக்கு எடுத்துட்டுப் போகவா

ஜெனி: சித்தி வேணாம் ப்ளீஸ். அது உப்புத்தண்ணி மீன், டோனி தொட்டி நல்லதண்ணி, ஒரு நாள் தாங்காது

ஜெனி: அதோட அது ராத்திரி மீன். பகல் பூரா பார்ல, அதான் கடலுக்கடில பவளப் பாறைல, பொந்துக்குள்ள, கல்லு இடுக்குல, நிழல்ல கெடக்கும், இருட்டுனதும் வெளிய வந்து நண்டு எறா சின்ன மீனுன்னு தேடித் தின்னும். தொட்டில எந்நேரமும் லைட் எரியும், ஒளிய இடமும் இருக்காது

ஜெனி: மாமா கன்னத்துகிட்ட ஒரு முள்ளு நிக்கும், பாத்து புடிங்க

சேசு மாமா: குத்திருச்சும்மா. பெருவிரல்ல. மத்தியானம் வர கடுப்பு

ரீட்டா அத்தை: சுடுதண்ணில கைய வைக்கச் சொன்னேன், அப்புறந்தான் கொஞ்சம் அடங்குச்சு. செதிலும் கல்லு மாதிரி இருக்கு, எப்படி ஒரசுறது

சேசு மாமா: கைல புடிச்சா கர் கர்ருனு சத்தம் போடுது பாரு, வாய்ஸ் அனுப்புறேன்

ஜெனி: ஆமா மாமா அது வயித்துக்குள்ள இருக்க காத்துப் பைய தசையால அதிர வச்சுப் போடுற சத்தம். பொந்துகிட்ட வேற மீன் வந்தாலும் அப்படித்தான் மெரட்டும்

டோனி (அம்மா போன்): அக்கா ராத்திரி மீனு ஏன் செவப்பா இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சிராதா

ஜெனி: சூப்பர் கேள்வி டா. தண்ணிக்குள்ள மொதல்ல மறையுற நெறம் செவப்புதான், கொஞ்சம் ஆழம் போனாலே செவப்பு வெளிச்சம் இருக்காது, அதனால நமக்கு இங்க செவப்பா தெரியுறது அங்க கருப்பா மங்கலாதான் தெரியும். கண்ணு பெருசா இருக்குறதும் அதுக்குத்தான், நெலா வெளிச்சத்தக்கூட விடாம வாங்கிக்கும்

அருள் (ஜித்தா): இப்பதான் டியூட்டி முடிஞ்சு பாக்குறேன். மாமா இதே மீன் இங்க செங்கடல்லயும் இருக்கு, வெள்ளிக்கெழம பசங்களோட ஸ்நார்கெல் போனப்ப பாற அடில கூட்டமா நின்னுச்சு. 1869ல சூயஸ் கால்வாய் தொறந்தாங்கல்ல, அது வழியா அந்தப் பக்கம் மத்தியதரைக் கடலுக்கே போயிருச்சாம், லெபனான் சைப்ரஸ் வரைக்கும் இருக்காம்

கிளாரா சித்தி: அடேயப்பா

ஜெனி: போன எடத்துலயும் அது பொந்துதான் தேடும் அண்ணே. நான் புராஜெக்ட்ல படிச்சதுல எனக்கு ரொம்பப் புடிச்சது இதான், பார்ல ரெண்டு ஷிப்ட் ஓடுது. பொழுது சாயும்போது கிளி மீனெல்லாம் தூங்கப் போகும், சில கிளி மீன் வாயிலருந்து வழவழன்னு ஒரு கூடு மாதிரி சுத்திக்கிட்டுத் தூங்கும், கொஞ்ச நேரம் பாரே வெறிச்சுன்னு கெடக்கும், அதுக்கப்புறம் இந்தச் செவப்பு மீனெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். விடிஞ்சதும் திரும்ப உள்ள. ஒரே பாரு, ராவும் பகலும் ரெண்டு கூட்டம் பொழைக்குது

சேசு மாமா: நீ சொல்லுறது சரிதான். நாங்க சின்னப் புள்ளையில இருந்தப்ப பார்ல கைய விடப் பயப்படுவோம், அவ்ளோ பொந்து, ஒவ்வொண்ணுலயும் ஏதாவது ஒண்ணு இருக்கும். அப்புறம் தூத்துக்குடி பக்கம் சுண்ணாம்புக்குன்னு முருகைக்கல்ல, அதான் பவளத்த, வெட்டி வெட்டி எடுத்தாங்க. நாங்களும் கூடு நகராம இருக்க மேல கல்லுதான் தூக்கி வச்சோம், உசுருள்ள கல்லுன்னு அப்ப யாருக்கும் தோணல

ஜெனி: 2001லதான் பவளத்த வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்க அதே முதல் அட்டவணைல சேத்தாங்க மாமா. ஆனா இப்ப வெட்டாமலே சாகுது. 2010, 2016 ரெண்டு கோடையிலயும் தண்ணி சூடாகி மன்னார் வளைகுடால பவளம் வெளுத்துச்சு. உள்ள இருக்க பாசி வெளிய போயிரும், அதுதான் அதுக்குச் சோறு. செத்த பவளம் கொஞ்ச வருஷம் நிக்கும், அப்புறம் அலையில ஒடஞ்சு சல்லி சல்லியா தரையோட கெடக்கும், பொந்தே இருக்காது. பொந்து இல்லன்னா இந்த மீன் பகல்ல எங்க போகும்

கிளாரா சித்தி: டோனி படிச்சுட்டு ஒண்ணும் பேசாம இருக்கான்

டோனி (அம்மா போன்): மாமா அத பொந்துலயே விட்ருங்க

ரீட்டா அத்தை: கொழம்புக்கு வாளை இருக்கு, அது போதும்

சேசு மாமா: சரிடா மருமகனே. இப்ப கூடு போடத்தான் கெளம்புறேன், தொட்டியோட தூக்கிட்டுப் போறேன்

சேசு மாமா: (இரவு 7:05) விட்டாச்சு. பொழுது இறங்குன நேரம், தண்ணி தெளிவா இருந்துச்சு. ஒண்ணு நேரா கீழ போயி கல்லுக்குள்ள நொழஞ்சுருச்சு. இன்னொண்ணு கொஞ்ச நேரம் வள்ளத்து அடியிலயே நின்னுச்சு, டார்ச் அணைச்சேன், அப்புறம் போயிருச்சு

டோனி (அம்மா போன்): அது சாப்புட போயிருக்கும் மாமா