மூத்தோர் சலுகை நீக்கப்பட்ட சீசன் டிக்கெட்: யாரிடம் முறையிடுவது?

காரைக்குடி வட்டாரக் கால்பந்து ரசிகர்களுக்கு வணக்கம். கானாடுகாத்தானைச் சேர்ந்த எங்கள் பெரியப்பா, வேலைக்காக இங்கிலாந்து சென்று அங்கேயே குடியேறியவர், வயது 67. பிரீமியர் லீகில் ஆடும் ஓர் அணியின் சீசன் டிக்கெட்டை (அணியின் சொந்த அரங்கில் ஒரு சீசன் முழுதும் நடக்கும் லீக் ஆட்டங்களுக்கான டிக்கெட்) ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்து வருகிறார். அடுத்த சீசனுக்கு அந்த அணி விலையை உயர்த்தியதோடு, அவர் அமரும் பகுதியில் மூத்தோர் சலுகையையும் நீக்கிவிட்டது. ஓய்வூதியத்தில் வாழ்பவரால் இதைத் தாங்க இயலவில்லை; இடத்தை ஒருமுறை விட்டுவிட்டாலோ, காத்திருப்போர் பட்டியலின் கடைசிக்குப் போக வேண்டும்.

மாதத் தவணை கேட்டோம்; வட்டியோடு தொகை இன்னும் கூடுகிறது. விலை குறைந்த பகுதியில் இடமில்லை என்றார்கள். மின்னஞ்சலுக்கு எல்லோருக்கும் அனுப்பும் பொதுவான பதிலே வந்தது. பொங்கலையொட்டி அவர் ஊரில் தங்கும் வாரங்களின் ஆட்டங்களை அணியின் மறுவிற்பனைத் தளத்தில் விற்கலாம் என்றாலும், குறைந்தபட்ச வருகை விதி குறுக்கே நிற்கிறது.

2016-இல் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் அரங்கைவிட்டு வெளியேறியபோது, சில நாட்களிலேயே நிர்வாகம் பின்வாங்கியது. ஆகவே கூட்டாகக் கேட்டால் பலன் கிடைக்கும் என்றே உறுதியாக நம்புகிறோம். இங்கிலாந்தில் 2025-இல் இயற்றப்பட்ட கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி ஒரு தனி ஒழுங்குமுறை அமைப்பும் வந்துள்ளது.

புதுப்பிக்கும் கெடு இம்மாத இறுதியில் முடிகிறது. ஏற்கெனவே டிக்கெட் வைத்திருக்கும் மூத்தோருக்கு மட்டுமாவது பழைய சலுகையை மீட்க, அணியின் ரசிகர் ஆலோசனைக் குழு, அந்த ஒழுங்குமுறை அமைப்பு ஆகிய இரண்டில் முதலில் எதனிடம் மனு கொடுக்க வேண்டும்?